வரி, முளைப்பாரி, வாசல்படி: ஊர்க்கோயிலில் எந்த வழக்கத்தை மாற்றலாம்?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் கிராமம். ஊர் அம்மன் கோயில் கமிட்டிக்கு நான் செயலாளர். மொத்தம் 240 தலைக்கட்டு. பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஊர் இளைஞர்கள் இந்த வருடம் மூன்று கோரிக்கை வைத்திருக்கிறார்கள். கணவரை இழந்த பெண்களும் முளைப்பாரி எடுக்க வேண்டும். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதால் வரி வாங்காமல் நிறுத்திவைத்த ஆறு குடும்பங்களிடம் மறுபடி வரி வாங்க வேண்டும். வாசலில் நின்று கும்பிடும் காலனிக்காரர்கள் உள்ளே வந்து கும்பிட வேண்டும். பெரியவர்களோ, "தாத்தா காலத்து வழக்கம், கைவைத்தால் தெய்வக் குற்றம்" என்கிறார்கள். எனக்கு 58 வயது. சாமி பயம் உள்ளவன். காலம் மாறுகிறது என்பதற்காகச் சாமி காரியமும் மாற வேண்டுமா? ஊர்க்கூட்டத்தில் ஓட்டெடுப்பு வைத்து முடித்துவிடலாமா? பெரியவர்கள் கோபித்துக்கொண்டு விலகினால் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில் (கோயில் நிர்வாக வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

அன்புள்ள ஐயா,

முதலில் ஓட்டெடுப்பு பற்றி. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டுக்கு விடாதீர்கள். உங்கள் மூன்றாவது விஷயம் ஓட்டுக்கு வரக்கூடியதே இல்லை. அதைச் சட்டம் 1947-லேயே முடிவு செய்துவிட்டது. இரண்டாவதில் சட்டம் பாதி, ஊர் பாதி. முளைப்பாரி மட்டும்தான் முழுக்க முழுக்க ஊராரின் மனசைப் பொறுத்தது. அதிலும் பேச வேண்டியவர்கள் சாவடியில் உட்காரும் ஆண்கள் அல்ல.

"சாமி காரியம் மாற வேண்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்க்கோயிலில் 'வழக்கம்' என்று சொல்லப்படுபவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அம்மனுக்கு எந்தக் கிழமை காப்புக் கட்டுவது, கரகம் எந்தக் கிணற்றில் ஜோடிப்பது, என்ன படையல், கிடா எங்கே வெட்டுவது, சாமியாடி எந்த வீட்டு வாரிசு, எந்த வேளையில் நடை சாத்துவது என்பவையெல்லாம் ஒரு பக்கம் வரும். இவை அம்மனுக்குச் செய்கிற வழிபாடு. யார் முன்னால் நிற்பது, யாருக்குத் திருநீறு கையில், யாருக்கு மேலிருந்து போடுவது, யார் வாசலோடு திரும்புவது, யாருக்கு முழு வரி, யாருக்கு அரை வரி என்பவை மறுபக்கம் வரும். இவை மனிதர்களை வரிசைப்படுத்தும் ஏற்பாடு. இளைஞர்கள் கேட்ட மூன்றும் இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அவர்கள் கைவைக்கவே இல்லை. பெரியவர்களிடம் இதை அந்தத் தாளைக் காட்டியே சொல்லுங்கள். "சாமி காரியம் ஒன்றும் மாறவில்லை" என்பதைக் கண்ணால் பார்த்தால் பலருடைய கோபம் பாதியாகக் குறையும்.

மாற்றம் என்ற பெயரில் முதல் பக்கத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடைசெய்யும் சட்டம் 1950-லேயே வந்தது. ஐம்பது வருடம் பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. 2003-இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த அரசு உத்தரவிட்டதும் கிராமங்கள் கொதித்தன. 2004 பிப்ரவரியில் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. கிடா வெட்டு யாருடைய மனித மரியாதையையும் பறிக்கவில்லை. தங்கள் வழிபாட்டை வெளியாள் திருத்துவதாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் இளைஞர்கள் உற்சாகத்தில் "கிடாவும் வேண்டாம், சாமியாட்டமும் வேண்டாம்" என்று பட்டியலை நீட்டினால், அதை இந்த மூன்றோடு சேர்க்க விடாதீர்கள். நியாயமான கோரிக்கையும் அதோடு சேர்ந்து மூழ்கிவிடும்.

இனி வாசல்படி. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் தவறினால் ஊர் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரும். நீங்கள் 'காலனி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்தே நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கமிட்டி நோட்டீசிலும் தீர்மானப் புத்தகத்திலும் அந்தத் தெருவின் பெயரையே எழுதுங்கள். இங்கே நான் கிழக்குத் தெரு என்று வைத்துக்கொள்கிறேன்.

வழக்கம் என்றால் அசையாதது என்று நினைப்பவர்களுக்கு உங்கள் பக்கத்து ஊர்க் கதையையே சொல்லலாம். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் 'வழக்கப்படி அவர்களுக்கு உரிமை இல்லை' என்று தீர்ப்பானது. அன்று சட்டம் வழக்கத்தின் பக்கம் நின்றது. 31 வருடம் கழித்து, 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்டோரும் ஒரு நாடாரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்கள். பட்டர்களில் ஒரு சாரார் கோபித்துக்கொண்டு சில வருடம் பூஜைக்கு வராமல் ஒதுங்கினார்கள், பிறகு திரும்பினார்கள். அதே ஆண்டில் ராஜாஜி அரசு அந்த நுழைவுக்குப் பாதுகாப்பாகச் சட்டம் கொண்டுவந்தது. 1947-இல் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் மாகாணத்தின் எல்லாப் பொதுக் கோயில்களையும் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. மீனாட்சிக்கு இன்றைக்கும் பூஜை நடக்கிறது.

இப்போதைய நிலை இதுதான். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 25(2)(ஆ) பிரிவு பொதுத்தன்மையுள்ள இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. "எங்கள் சமூகத்துக்கே சொந்தமான கோயில், எங்கள் நிர்வாகம் எங்கள் உரிமை" என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1957-இல் வெங்கடரமண தேவரு வழக்கில் கேட்டது. ஒரு சமயப் பிரிவின் நிர்வாக உரிமையைவிடக் கோயில் நுழைவு உரிமையே மேலானது, சில குறிப்பிட்ட சடங்குகளை மட்டும் அந்தப் பிரிவினர் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தீண்டாமை காரணமாகக் கோயிலுக்குள் விட மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதே செயலுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. சாமி ஊர்வலத்தில் கலந்துகொள்ள விடாமல் தடுப்பதும் இதே பிரிவில் வருகிறது. இந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது. விசாரணை டி.எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் போகும்.

"இது தனியார் கோயில், அறநிலையத்துறை கையில் இல்லையே" என்று யாராவது சொல்வார்கள். கிராமங்களில் அதிகம் கேட்கும் வாதம் இதுதான். அதிகம் தோற்கும் வாதமும் இதுதான். ஊரே உரிமையோடு கும்பிடும் கோயில், துறையின் பட்டியலில் இல்லாவிட்டாலும் பொதுக் கோயில்தான். இந்துக்களில் ஒரு பிரிவினர் மட்டும் கும்பிட்டாலும் அப்படித்தான். ஒருவருக்குச் சொந்தமான இடமாகவே இருந்தாலும், அதை மக்கள் கும்பிட விட்டிருந்தால் 1955 சட்டம் அதையும் பொது வழிபாட்டு இடமாகவே கொள்கிறது. கோயில் நிற்கும் இடம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறை அ-பதிவேட்டின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிப் பாருங்கள். கிராம நத்தம், புறம்போக்கு என்று இருந்தால் 'தனியார்' என்ற பேச்சு இன்னும் வலுவிழக்கும். ஊர் வரி வாங்குவதும், உண்டியல் வைப்பதும், நோட்டீஸில் 'ஊர்ப் பொதுமக்கள்' என்று அச்சடிப்பதும் எல்லாமே பொதுக் கோயில் என்பதற்கான ஆதாரங்கள்.

ஆகவே தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். "கிழக்குத் தெரு மக்கள் உள்ளே வர அனுமதி அளிக்கப்படுகிறது" என்று எழுதாதீர்கள். அனுமதி கொடுக்கிறவனுக்கு மறுக்கவும் அதிகாரம் உண்டு என்ற அர்த்தம் அதில் ஒளிந்திருக்கிறது. அடுத்த கமிட்டி அதைப் பிடித்துக்கொண்டு "அனுமதி ரத்து" என்று எழுதும். "கோயில் எல்லாருக்கும் பொதுவானது என்பதைக் கமிட்டி பதிவு செய்கிறது, பொங்கல் ஏற்பாடுகள் அதற்கேற்பச் செய்யப்படும்" என்று இரண்டு வரி போதும். மாறாக, "பழைய வழக்கமே தொடரும்" என்று கூட்டத்தில் யாராவது எழுதச் சொன்னால், கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவர் மேலும் அந்தத் தாளே முதல் சாட்சியாகும். செயலாளர் என்ற முறையில் அந்தக் கையெழுத்தை நீங்கள் போடவே கூடாது.

தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தாலும் இதே கவனம் வேண்டும். "இந்த வருடம் மட்டும் அவர்கள் வரமாட்டார்கள்" என்று இருதரப்பும் கையெழுத்திட்ட சமரசத் தாள் உரிமையை அழித்துவிடாது. அடுத்த வருடம் அதே இடத்திலிருந்துதான் சண்டை தொடங்கும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023-இல் பிரச்சினை முற்றி, பல சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகும் தீராமல், ஜூனில் வருவாய்த்துறை கோயிலைப் பூட்டி சீல் வைத்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மார்ச்சில்தான் பூஜைக்குக் கதவு திறந்தது. அத்தனை மாதமும் அம்மனுக்கு விளக்கில்லை. தெய்வக் குற்றத்துக்கு அஞ்சும் உங்கள் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அங்கே பூஜை நின்றது ஆள் உள்ளே வந்து கும்பிட்டதால் அல்ல. ஆளைத் தடுத்ததால்தான்.

எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். பொங்கலன்று முதல் முறையாக உள்ளே அழைத்துவர வேண்டாம். அன்றைக்குக் கூட்டம், ஒலிபெருக்கி, வெளியூர்ச் சொந்தம், சிலரிடம் குடி, யாருக்கு முதல் மரியாதை என்ற பழைய பகை, இத்தனையும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். பெரும்பாலான கலவரங்கள் திருவிழா நாளில்தான் வெடிக்கின்றன. உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது. காப்புக் கட்டுக்கு எட்டு வாரம் முன்பாக ஒரு சாதாரண செவ்வாயோ வெள்ளியோ, மாலை விளக்குப் பூஜையில் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் பேச வேண்டியவர் பூசாரி. அவருடைய தயக்கம் பலசமயம் பக்தியால் மட்டும் வருவதல்ல. நான்கு பெரிய வீட்டார் கோபித்துக்கொண்டால் தட்டுக்காசும் அறுப்புக் காலத்து நெல்லும் நின்றுபோகும் என்ற பயமும் அதில் இருக்கும். கமிட்டி அவருக்கு மாதச் சம்பளமாக ஒரு தொகையை எழுத்தில் உறுதி செய்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். அதன் பிறகு அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது மூன்றுதான். எல்லாருக்கும் ஒரே தட்டில் ஆரத்தி, ஒரே மாதிரி கையில் தொட்டுத் திருநீறு, ஒரே பாத்திரத்தில் தீர்த்தம். பிரசாதமும் தீர்த்தமும் கொடுப்பதில் சாதி, ஆண் பெண், பிறந்த ஊர் பார்க்கக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 106-ஆம் பிரிவே சொல்கிறது. உள்ளே விட்டுவிட்டுத் திருநீற்றை உயரத்திலிருந்து போட்டால், வாசல் திறந்ததற்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

அடுத்து கிழக்குத் தெருப் பெரியவர்களின் வீட்டுக்கே நீங்களும் கமிட்டித் தலைவரும் போய்ச் சொல்லுங்கள். ஆள் விட்டுக் கூப்பிட வேண்டாம். எந்த நாள், எத்தனை பேர், எந்த வழி என்பதை அவர்களே சொல்லட்டும். காவல் நிலையத்துக்கும் தாசில்தாருக்கும் பதினைந்து நாள் முன்பே ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அது தகவல் கடிதமாக இருக்கட்டும், அனுமதி கேட்கும் மனுவாக வேண்டாம். முதல் நாளில் மாலை மரியாதை, சால்வை, வீடியோ, கட்சிக்கொடி எதுவும் வேண்டாம். 'வரலாற்று நிகழ்வு' என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றினால், வராமல் வீட்டில் இருந்த பெரியவர்களுக்கு அது சவாலாகத் தெரியும். வந்தவர்களுக்கோ கண்காட்சியில் நிறுத்தியது போல இருக்கும். அடுத்த வெள்ளியும், அதற்கடுத்த வெள்ளியும் அவர்கள் சாதாரணமாக வந்து போவதுதான் முக்கியம். பல ஊர்களில் முதல் நாள் போலீஸ் பாதுகாப்போடு நுழைவு நடக்கிறது. மறு வாரம் ஒருவரும் வருவதில்லை. காரணம், மறு வாரம் நிலத்தில் வேலை கொடுக்கிறவர் முகத்தை அவர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே நுழைவுக்குப் பிறகு இரண்டு மாதம், வேலை நிறுத்தம், கடையில் பொருள் தர மறுப்பு, பாதையில் வேலி என்று எதுவும் நடக்காமல் பார்ப்பதும் கமிட்டியின் பொறுப்பு. பொருளாதார, சமூகப் புறக்கணிப்பும் வன்கொடுமைச் சட்டத்தில் தனிக் குற்றம்.

உள்ளே வந்துபோன பின், "ஒரு புண்ணியாகவாசனம் செய்துவிடலாம், மனசு நிம்மதியாக இருக்கும்" என்று யாராவது நல்ல எண்ணத்தோடே சொல்லக்கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். மனிதர் வந்ததால் தீட்டு என்று ஊர் முழுக்கச் சொல்லும் செயல் அது. தீண்டாமையின் பேரால் அவமதிப்பது சட்டப்படியும் குற்றம். வருடாபிஷேகமோ கும்பாபிஷேகமோ அதற்குரிய நாளில் வழக்கம்போல நடக்கட்டும்.

சப்பரம் போகும் பாதையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் வரும். உள்ளே வரலாம் என்றான பிறகு, "அம்மன் எங்கள் தெருவுக்கு ஏன் வருவதில்லை" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெருவின் அகலம், மின்கம்பி உயரம், சப்பரம் திரும்ப இடம் ஆகியவற்றை இப்போதே அளந்து வையுங்கள். கம்பி தாழ்வாக இருந்தால் மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். உண்மையான தடையை நீக்கிவிட்டால், "கம்பி இடிக்கும்" என்ற சாக்கு பொங்கலன்று முளைக்காது.

பரிவட்டம், முதல் மரியாதை விஷயத்தில் இந்த வருடம் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இருவர் உரிமை கொண்டாடினால் ஊர்க்கூட்டத்தில் தீர்க்க முயலாதீர்கள். அறநிலையச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்கீழ் அதைத் தீர்மானிக்கும் இடம் இணை ஆணையர் அலுவலகம். அங்கிருந்து உத்தரவு வரும்வரை பரிவட்டத்தை அம்மன் பாதத்தில் வைத்துப் பூசாரியே எடுத்துவிடலாம்.

அடுத்தது வரி. ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது பணக்கணக்காகத் தெரியும். தலைக்கட்டு வரி பணத்தைவிடப் பெரியது, அது ஊரில் ஒருவருக்குள்ள இடம் என்பது உங்களுக்குத் தெரியும். வரி வாங்காத வீட்டுக்குப் பிரசாதம் போகாது, நல்லது கெட்டதுக்குச் சொல்லி அனுப்புவது நிற்கும், கூட்டத்தில் பேச்சுரிமை கிடையாது. அந்த ஆறு குடும்பங்களுக்கு நடந்திருப்பது கோயில் பேரால் ஊர்விலக்கு. 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்றது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவரின் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிட முடியாது என்றும் சொன்னது. மணமக்களில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால் வன்கொடுமைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது எளிது. வரி நோட்டில் அந்த ஆறு பெயரையும் பழைய இடத்திலேயே எழுதி, இந்த வருட வரியை மட்டும் வாங்கி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே ரசீதைக் கொடுங்கள். நிறுத்திவைத்த வருடங்களின் பாக்கியைக் கேட்காதீர்கள்; வாங்க மறுத்தது ஊர், அதற்கு அவர்களிடம் பாக்கி ஏது? 'ஊர் மன்னிப்பு', அபராதம், கோயிலில் விழுந்து கும்பிடச் சொல்வது எதுவும் கூடாது. கல்யாணம் செய்தது குற்றமல்ல.

வரி நோட்டைத் திறக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் பகுதியில் பல ஊர்களில் மணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு, கணவரை இழந்த பெண்ணுக்கு அரை. சலுகை என்று அதைச் சொல்வார்கள். ஆனால் அரை வரிக்கு அரைப் பேச்சு என்றே ஊர் நடத்துகிறது. என் ஆலோசனை, கணக்கை ஆண் தலையிலிருந்து அடுப்புக்கு மாற்றுங்கள். தனி ரேஷன் கார்டு உள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு வரி. குடும்பத் தலைவர் ஆணா பெண்ணா என்ற பேச்சே வேண்டாம். 240 தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வீதம் வாங்கினால் 4,80,000. கணக்கை மாற்றி 270 குடும்பம் என்று வந்தால், ஆளுக்கு 1,800 போட்டாலே 4,86,000 கிடைக்கும். வரி குறைவது எல்லாருக்கும் பிடிக்கும். மாற்றத்துக்கு ஆதரவு தேட இதைவிட நல்ல வழி தெரியவில்லை. முடியாதவர்களுக்கு விலக்கு கொடுங்கள், ஆனால் வறுமையை மட்டும் பார்த்துக் கொடுங்கள். கணவர் இல்லாத, வசதியுள்ள டீச்சரம்மா முழு வரி கட்டட்டும். கணவர் இருந்தும் கூலிக்கே தவிக்கும் வீட்டுக்கு விலக்கு இருக்கட்டும். கிழக்குத் தெருவிடமும் அதே வரி வாங்குங்கள். நன்கொடை என்று தனி நோட்டுப் போடாதீர்கள். வரி கட்டினால்தான் கூட்டத்தில் சமமாக உட்கார முடியும்.

இனி முளைப்பாரி. இதில் உங்களுக்குச் சட்டம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இருந்தாலும், கணவரை இழந்த பெண்ணைக் கோயிலுக்குள் விடவில்லை என்ற ஈரோடு மாவட்ட வழக்கு ஒன்றில் 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியதைத் தெரிந்துகொள்ளுங்கள். கணவர் இருப்பதையும் இல்லாததையும் வைத்து ஒரு பெண்ணின் மதிப்பைக் குறைக்க முடியாது என்பதே அதன் சாரம்.

ஆனால் முளைப்பாரியில் தடை ஆண்களின் தீர்மானத்தில் மட்டும் இல்லை. அது அந்தப் பெண்களின் மனதிலும், அவர்கள் மாமியார், நாத்தனார் வாயிலும் இருக்கிறது. "விதவைகளும் எடுக்கலாம்" என்று மைக்கில் அறிவித்தால் ஒருத்தியும் வரமாட்டாள். ஊரே பார்க்க, 'நான்தான் அது' என்று யார் எழுந்து வருவார்கள்? எந்த அறிவிப்பும் இல்லாமல் ஏற்பாட்டை மாற்றுங்கள். முளைப்பாரிக்குப் பெயர் எழுதுவதை ஆள் கணக்கில் செய்யாமல் வீட்டுக் கணக்கில் செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஓடும் ஒரு பங்கு விதையும் போய்ச் சேரட்டும். அந்த வீட்டில் யார் சுமப்பது என்பதை அந்த வீட்டுப் பெண்களே பார்த்துக்கொள்வார்கள். முதல் வருடம் மகள் சுமப்பாள், அம்மா விதை போடுவாள். அடுத்த வருடம் அம்மாவே சுமப்பாள். அவசரப்படுத்தக் கூடாது.

விதை போடும் இடத்திலேயே தொடங்குவது நல்லது. முளைப்பாரி வீட்டில் மண்ணும் சாணியெருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெளிச்சம் படாமல் மூடி, எட்டு ஒன்பது நாள் தண்ணீர் தெளித்துக் காப்பவர்கள் அனுபவமுள்ள மூத்த பெண்கள். அவர்களில் கணவரை இழந்தவர்களும் பாட்டு நன்றாகத் தெரிந்தவர்களும் பலர் இருப்பார்கள். இருட்டறையில் அவர்கள் கைபட்டு முளைத்த பயிர், வெளிச்சத்துக்கு வந்ததும் அவர்கள் தலையில் ஏறக் கூடாது என்பதை எந்தச் சாமியின் பேரால் சொல்வது? கும்மி பாடும் மூத்த பெண்கள் நான்கு பேரிடம் நீங்களோ உங்கள் மனைவியோ இதையே கேள்வியாகக் கேளுங்கள். முடிவை அவர்கள் சொல்லட்டும். ஊர்வலத்தில் அவர்களுக்கெனத் தனி வரிசையோ கடைசி வரிசையோ போட்டுவிடாதீர்கள். தெரு வாரியாக வரிசை வைத்தால் அந்தப் பிரச்சினையே எழாது.

கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்று 1871-லேயே தம் அன்பர்களுக்கு எழுதிவைத்தவர் வடலூர் வள்ளலார். மேல்மருவத்தூரில் பெண்களே கருவறைக்குள் போய்ப் பூஜை செய்கிறார்கள். மாதவிலக்கு நாள்கூட அங்கே தடையில்லை. திருப்பாணாழ்வாரைத் தோளில் சுமந்து அரங்கன் முன் கொண்டுபோய் நிறுத்தியவர் ஒரு அர்ச்சகர். சுமக்கச் சொன்னது பெருமாள் என்றுதான் வைணவம் சொல்கிறது. இளைஞர்கள் வெளியிலிருந்து எதையோ இறக்குமதி செய்கிறார்கள் என்று பெரியவர்கள் சொன்னால், இந்த மூன்றையும் எடுத்துக்காட்டுங்கள்.

"அம்மனிடமே பூக்கட்டிப் பார்த்துவிடுவோம்" என்று ஊர் கேட்கலாம். கோயில் நுழைவுக்குப் பூக்கட்டக் கூடாது. இன்னொருவரின் உரிமையைப் பூவில் வைக்க நமக்கு அதிகாரமில்லை. வரிக்கும் வேண்டாம். முளைப்பாரிக்கு ஊர் வற்புறுத்தினால், "இவர்கள் எடுக்கலாமா" என்று ஆளைப் பற்றிக் கேட்காமல், "இந்த வருடம் வீட்டுக்கு ஒரு முளைப்பாரி எந்த நாளில் போடலாம்" என்று நாளைக் கேளுங்கள். ஒரு முறைதான் கேட்பது என்பதையும் முன்னதாகவே பேசி முடித்துவிடுங்கள். சாமியாடியையும் தனியே பார்த்துப் பேசுங்கள். ஊர் கொதிப்பில் இருக்கும்போது அருள்வாக்கில் ஒரு பக்கத்தார் பயம் வெளிவருவது உண்டு. முன்பே மனம்விட்டுப் பேசியிருந்தால் அந்த அழுத்தம் அவர்மேல் இருக்காது.

பொங்கல் முடிந்து ஒரு வருடத்துக்குள் ஊரில் ஒரு விபத்தோ, மாடு சாவதோ, மழை பொய்ப்பதோ நடக்கத்தான் செய்யும். எந்த வருடம் நடக்கவில்லை? அப்போது "பார்த்தீர்களா" என்ற பேச்சு வரும். அதற்கு இப்போதே தயாராகுங்கள். கமிட்டியின் பழைய நோட்டுகளில் மழைச்சாந்தி, பரிகாரப் பூஜை நடந்த வருடங்கள் இருக்கும். எல்லா வழக்கமும் அப்படியே இருந்த காலத்தில்தான் அவை நடந்தன. அந்தப் பக்கங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் விலகினால் என்ன என்று கேட்டீர்கள். சிலர் விலகுவார்கள். ஒருவேளை தனியே பீடம் போட்டு அம்மனைக் கும்பிடத் தொடங்கலாம். தடுக்காதீர்கள், திட்டாதீர்கள், அவர்கள் வரியையும் நிறுத்தாதீர்கள். யாரையும் விலக்கக் கூடாது என்று நீங்கள் எடுத்த முடிவு அவர்களுக்கும் பொருந்தும். கரகம் தூக்கும் வீடு, தீச்சட்டி முதலில் எடுக்கும் வீடு, மஞ்சள் நீர் ஊற்றும் வீடு என்று அவரவருக்குள்ள வழிபாட்டு வேலைகள் அவரவர் பெயரிலேயே இருக்கட்டும். ஒருவர் வராவிட்டால் அந்த வருடம் அவருடைய பங்காளியைச் செய்யச் சொல்லி, நோட்டில் "இந்த வருடம் மட்டும்" என்று எழுதுங்கள். திரும்பி வர வழியிருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று பொங்கலுக்குள் வந்துவிடுவார்கள்.

கமிட்டியில் இப்போது பெண்களோ கிழக்குத் தெருவினரோ இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. துறையின் கீழுள்ள, பரம்பரை அல்லாத அறங்காவலர் குழுக்களில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது அறநிலையச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. ஊர்க் கமிட்டிக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், அதே அளவையே பின்பற்றுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்பே அந்த இருவரையும் சேர்த்துவிட்டால், மேலே சொன்னவற்றில் பாதியை அவர்களே உங்களைவிட நன்றாகச் செய்து முடிப்பார்கள். அ-பதிவேட்டு நகலும் வரி நோட்டும் கைக்கு வந்ததும், கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.